ஏ.எஃப்.எல். வீரர் கீழ் லீகின் இறுதிச் சுற்றில் ஆடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்தால் ஆஸ்திரேலியக் கால்பந்து (சாக்கர் அல்ல, அந்த நாட்டுக்கே உரிய ஆட்டம்) ரசிகர்களிடையே ஒரு வாக்குவாதமும் பிறந்துவிடும். 'எங்கள் ரிசர்வ்ஸ் அணி, அதாவது இரண்டாம் அணி, இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டது. பெரிய அணியின் நட்சத்திரங்கள் சும்மாதானே இருக்கிறார்கள், அவர்களை இறக்கினால் என்ன?' என்று ஒருவர் கேட்பார். 'அது நியாயமா?' என்று இன்னொருவர் திருப்பிக் கேட்பார். இந்த ஆட்டத்தை அண்மையில் பார்க்கத் தொடங்கியவர்களுக்கும் பல ஆண்டுகளாகப் பார்த்தும் இந்த விதியில் குழம்புபவர்களுக்கும் சேர்த்து எழுதிய பதில்கள் இவை.

ஏ.எஃப்.எல்., வி.எஃப்.எல். என்று இரண்டு பெயர்கள் அடிபடுகின்றனவே, எது மேல், எது கீழ்?

மேலே இருப்பது ஏ.எஃப்.எல்., அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து லீக். 2012 முதல் அதில் 18 அணிகள் ஆடுகின்றன. அதற்கு அடுத்த படியில் மாநில லீகுகள் இருக்கின்றன: விக்டோரியாவை மையமாகக் கொண்ட வி.எஃப்.எல்., அடிலெய்டில் நடக்கும் தென் ஆஸ்திரேலிய லீக், பெர்த்தில் நடக்கும் மேற்கு ஆஸ்திரேலிய லீக்.

பெயர்க் குழப்பத்துக்கு வரலாறுதான் காரணம். விக்டோரியக் கால்பந்துச் சங்கம் 1877இல் தொடங்கியது. 1896இல் எட்டு பெரிய கிளப்புகள் அதிலிருந்து பிரிந்து வி.எஃப்.எல். (விக்டோரியக் கால்பந்து லீக்) என்ற புதிய லீகை அமைத்து, மறு ஆண்டே ஆடத் தொடங்கின. அந்த லீக் மற்ற மாநிலங்களுக்கும் பரவியபின் 1990இல் ஏ.எஃப்.எல். என்று பெயர் மாற்றிக்கொண்டது. பின்தங்கிப்போன பழைய சங்கம், காலியாகக் கிடந்த வி.எஃப்.எல். பெயரை 1996இல் எடுத்துக்கொண்டது. ஆக, இன்றைய வி.எஃப்.எல். யாருடைய நிழலும் அல்ல. 1877 வரை வேர் ஓடிய, தனக்கென்று கிளப்புகளும் ரசிகர்களும் உள்ள லீக் அது. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் கீழே வரும் சண்டைகள் புரியும்.

ஏ.எஃப்.எல். வீரர் கீழ் லீகில் ஆட வேண்டிய தேவை என்ன?

ஒவ்வொரு ஏ.எஃப்.எல். கிளப்பும் 40க்கும் மேற்பட்ட வீரர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது. ஒரு வாரத்தில் ஆடுபவர்கள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று பேர்தான். காயத்தில் இருப்பவர்களைக் கழித்தாலும் பத்துப் பதினைந்து பேர் மிஞ்சுவார்கள். அவர்களுக்கு ஆட்டம் வேண்டும். புதிதாகச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பையனுக்குப் பயிற்சிக் களம், ஃபார்ம் இழந்தவருக்கு அதை மீட்க ஓர் இடம், காயம் ஆறியவருக்கு உடம்பைச் சோதித்துப் பார்க்க ஒரு போட்டி என்று எல்லாமே மாநில லீகில்தான் கிடைக்கிறது.

முன்பு ஏ.எஃப்.எல். கிளப்புகளுக்கென்றே தனி ரிசர்வ்ஸ் போட்டி இருந்தது. 1999 சீசனோடு அது மூடப்பட்டு, 2000 முதல் அந்த வீரர்கள் வி.எஃப்.எல்.லுக்கு வந்தார்கள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ரிச்மண்ட், காலிங்வுட், ஜீலாங் போன்றவை தங்கள் சொந்த ரிசர்வ்ஸ் அணியையே வி.எஃப்.எல்.லில் இறக்குகின்றன. வேறு சில கிளப்புகள் ஒரு மாநிலக் கிளப்போடு கூட்டு வைத்துக்கொள்கின்றன. ஹாதார்ன் வீரர்கள் பாக்ஸ் ஹில்லுக்கும், மெல்பர்ன் வீரர்கள் கேசிக்கும் ஆடுவது இந்த ஏற்பாட்டில்தான். சிட்னி, பிரிஸ்பேன் பகுதி அணிகளும் 2021இல் வி.எஃப்.எல்.லில் சேர்ந்தன. இவர்களோடு வெர்ரிபி, வில்லியம்ஸ்டவுன், போர்ட் மெல்பர்ன் போன்ற தனிக் கிளப்புகளும் அதே கோப்பைக்குப் போட்டியிடுகின்றன. இவற்றுக்கு ஏ.எஃப்.எல். சம்பளப் பட்டியலிலிருந்து ஒருவரும் வருவதில்லை.

வழக்கமான வாரங்களில் தடையில்லாமல் ஆடுபவருக்கு இறுதிச் சுற்றில் மட்டும் ஏன் தகுதி விதி?

இந்தப் பக்கத்தின் மையக் கேள்வி இதுதான்.

ஏ.எஃப்.எல். லீக் சுற்று ஆகஸ்ட் கடைசியில் முடிகிறது. கோப்பையைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டமான வி.எஃப்.எல். கிராண்ட் ஃபைனல் பெரும்பாலும் ஏ.எஃப்.எல். கிராண்ட் ஃபைனலுக்கு ஒரு வாரம் முன்பு, செப்டம்பரில் நடக்கிறது. இடையில் கிட்டத்தட்ட ஒரு மாதம் இருக்கிறது. அந்த மாதத்தில் ஒரு கிளப்பின் பெரிய அணி வெளியேறிவிட்டு, ரிசர்வ்ஸ் அணி மட்டும் இறுதிச் சுற்றில் இருந்தால் என்ன ஆகும்? அந்தக் கிளப்பின் மிகச் சிறந்த இருபத்திரண்டு பேர் ஒரே நாளில் கையில் கிடைத்துவிடுவார்கள்.

2023இல் கோல்ட் கோஸ்ட் சன்ஸ் அணிக்கு நடந்ததைப் பாருங்கள். ஏ.எஃப்.எல்.லில் அவர்கள் இறுதிச் சுற்றின் பக்கமே வரவில்லை. ஆகஸ்டோடு சீசன் முடிந்தது. ஆனால் அவர்களுடைய வி.எஃப்.எல். அணி செப்டம்பரில் வெர்ரிபியைத் தோற்கடித்து, எந்த மட்டத்திலும் அந்தக் கிளப் பார்த்திராத முதல் பிரீமியர்ஷிப்பை (சாம்பியன் பட்டத்தை) வென்றது. ஆண்டு முழுவதும் ஏ.எஃப்.எல்.லில் ஆடிய நோவா ஆண்டர்சன் போன்றவர்களை அந்த ஒரு நாளுக்காக இறக்க வழி இருந்திருந்தால், ஏப்ரல் முதல் அந்த ரிசர்வ்ஸ் அணியைச் சுமந்துவந்த இளைஞர்களில் பாதிப் பேர் பெவிலியனில் உட்கார்ந்து கைதட்டியிருப்பார்கள். எதிரணி வெர்ரிபிக்கோ, பகலில் வேலைக்குப் போய் மாலையில் பயிற்சி எடுக்கும் ஆட்களை வைத்துக்கொண்டு, சர்வதேச மைதானங்களில் லட்சம் பேர் முன் ஆடுபவர்களைச் சமாளிக்க வேண்டிய நிலை வந்திருக்கும்.

கிரிக்கெட்டில் நாம் இதற்கு நேர்மாறான வழக்கத்துக்குப் பழகியவர்கள். 2024 மார்ச்சில் மும்பைக்கு எதிரான ரஞ்சி அரையிறுதிக்காக வாஷிங்டன் சுந்தர் இந்திய டெஸ்ட் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டுத் தமிழ்நாட்டுக்கு ஆடினார். மும்பைப் பக்கம் ஷ்ரேயஸ் ஐயர் ஆடினார். அந்த சீசனில் எத்தனை ரஞ்சி ஆட்டம் ஆடினீர்கள் என்று இருவரையும் யாரும் கேட்கவில்லை. அங்கே பெரிய வீரர் வந்து ஆடுவது பெருமை. ஆஸ்திரேலியக் கால்பந்தின் மரபு வேறு: குளிர்காலம் முழுவதும் யார் ஆடினார்களோ, இறுதிச் சுற்று அவர்களுக்கு உரியது. இந்த மரபே சரி என்பது என் உறுதியான கருத்து.

விதி சரியாக என்ன கேட்கிறது?

மூன்று விதமாக எழுதுவார்கள். சில லீகுகள் இவற்றைக் கலந்தும் வைத்துக்கொள்கின்றன.

முதல் வகை, குறைந்தபட்ச ஆட்டங்கள். அந்த சீசனின் லீக் சுற்றில், அந்த அணிக்காக இத்தனை போட்டிகளாவது ஆடியிருக்க வேண்டும். இரண்டாவது வகை, ஒப்பீடு. மேல் அணிக்கு ஆடியதைவிடக் கீழ் அணிக்கு அதிகம் ஆடியிருக்க வேண்டும், அல்லது மேல் அணிக்கு ஆடிய ஆட்டங்கள் ஒரு வரம்பைத் தாண்டியிருக்கக் கூடாது. மூன்றாவது, விண்ணப்பம். காயம் போன்ற காரணத்தால் எண்ணிக்கையை எட்ட முடியாதவர் சார்பில் கிளப் லீகுக்கு எழுதிக் கேட்கலாம். முடிவு லீகின் கையில் இருக்கும்.

எண் என்ன என்பதை ஒவ்வொரு லீகும் தன் விதிப்புத்தகத்தில் அந்தந்த சீசனுக்கு வகுத்துக்கொள்கிறது. வி.எஃப்.எல். எண்ணும் அடிலெய்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. போன ஆண்டு இருந்த எண் இந்த ஆண்டும் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. நண்பர் ஒருவர் ஒரு எண்ணை அடித்துச் சொன்னால், எந்த லீக், எந்த ஆண்டு என்று முதலில் கேளுங்கள். இந்த விஷயத்தில் நடக்கும் சச்சரவுகளில் பெரும்பகுதி இருவர் இரண்டு வேறு விதிப்புத்தகங்களைப் பற்றிப் பேசுவதால் வருவது.

ஓர் எடுத்துக்காட்டோடு சொல்ல முடியுமா?

கற்பனையாக ஒரு லீகை எடுத்துக்கொள்வோம். லீக் சுற்றில் 18 ஆட்டங்கள். விதி: கீழ் அணிக்குக் குறைந்தது ஆறு ஆட்டம்.

முதல் வீரர் ஏ.எஃப்.எல்.லில் 20 ஆட்டம், கீழே ஒன்று. இவரைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆட முடியாது. இரண்டாமவர் ஏ.எஃப்.எல்.லில் 3, கீழே 13. தாராளமாக ஆடலாம், அந்த அணியின் தூணே அவர்தான். சிக்கல் மூன்றாமவரிடம் தொடங்குகிறது. ஏ.எஃப்.எல்.லில் 11, கீழே 7. குறைந்தபட்ச எண்ணிக்கை விதிப்படி அவர் தகுதியானவர். ஒப்பீட்டு விதிப்படி தகுதியற்றவர். அதே ஆள், அதே சீசன், இரண்டு விடை.

மூன்றாமவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு கிளப்பிலும் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். மேல் அணியில் நிரந்தர இடம் கிடைக்காமல் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குபவர்கள். கோப்பையை முடிவு செய்வதும் பெரும்பாலும் இவர்கள்தான். எந்த வகை விதி நல்லது என்று என்னைக் கேட்டால், குறைந்தபட்ச எண்ணிக்கையே போதும் என்பேன், அந்த எண் அற்பமாக இல்லாதவரை. ஏழு வாரம் சேற்றில் இறங்கி ஆடியவரை, மேலே கூப்பிட்ட குற்றத்துக்காகத் தண்டிப்பது சரியல்ல. மேலே போவதற்காகத்தானே அவர் கீழே ஆடினார்?

ஆண்டு முழுவதும் காயத்தில் இருந்தவர் செப்டம்பரில் குணமானால்?

விதி மிகவும் வலிக்கும் இடம் இது. முழங்கால் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, பத்துப் பன்னிரண்டு மாதம் தனியாக ஓடிப் பயிற்சி எடுத்த ஒருவர் தயாராகும்போது லீக் சுற்றில் இரண்டு வாரம்தான் மிச்சம். இரண்டு ஆட்டம் ஆடுவார். எண்ணிக்கை எட்டாது. அவருடைய ஒப்பந்தம் அக்டோபரில் முடிவதாக இருந்தால், அடுத்த ஆண்டும் கிளப்பில் இருக்கத் தகுதியானவர் என்று காட்ட அவருக்கு இருந்த ஒரே மேடையும் போய்விடும்.

விலக்கு கேட்கும் வழி இருக்கும் லீகில் கிளப்பின் மருத்துவ ஆவணங்களோடு விண்ணப்பிக்கலாம். ஆனால் தாராளமாக விலக்கு கொடுத்தாலும் ஆபத்து. ஏ.எஃப்.எல். நட்சத்திரம் ஒருவர் ஜூலையில் காயம்பட்டு, செப்டம்பரில் ரிசர்வ்ஸ் இறுதிக்கு மட்டும் குணமாகி வந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? என் பார்வையில் அளவுகோல் இதுவாக இருக்க வேண்டும்: காயம் இல்லாதிருந்தால் இவர் எங்கே ஆடியிருப்பார்? கீழ் அணியில் என்றால் விலக்கு தரலாம். மேல் அணியில் என்றால் தரக் கூடாது. முந்தைய ஆண்டு ஆடிய கணக்கைப் பார்த்தாலே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும்.

பெரிய அணியில் பெஞ்சிலோ அவசர வீரராகவோ இருந்த வாரங்களை எப்படிக் கணக்கிடுவது?

வெளியே தெரியாத அநீதி ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. ஏ.எஃப்.எல். அணி பெர்த்துக்குப் பறக்கும்போது, கடைசி நிமிடத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆடுவதற்காக அவசர வீரர் ஒருவரையும் கூட்டிப்போகும். பெரும்பாலும் அவர் ஆட மாட்டார். அதே வாரம் மெல்பர்னில் நடந்த வி.எஃப்.எல். ஆட்டத்தையும் இழந்திருப்பார். இப்படி நான்கு வாரம் போனால், இரண்டு பக்கமும் கணக்கில் ஒன்றும் ஏறாமல் நான்கு ஆட்டம் காணாமல் போகும்.

மாற்று வீரர் ஏற்பாடும் இப்படித்தான். ஏ.எஃப்.எல்.லில் 2011 முதல் 2015 வரை ஒரு மாற்று வீரர் இருந்தார். பிறகு 2021இல் மருத்துவக் காரணத்துக்கான மாற்று வந்தது. 2023இல் அது எந்தக் காரணத்துக்கும் பயன்படுத்தக்கூடிய மாற்றாக மாறி, 2025 சீசன் வரை நீடித்தது. கடைசிப் பத்து நிமிடம் மட்டும் களம் இறங்கியவருக்கு அது ஒரு முழு ஏ.எஃப்.எல். ஆட்டமா? ஒப்பீட்டு விதி உள்ள இடத்தில் இந்தக் கேள்விக்கு விடை, ஒருவருடைய செப்டம்பரையே தீர்மானிக்கக்கூடியது. இதற்கான விதியை மார்ச்சிலேயே தெளிவாக எழுதி வைப்பது லீகின் கடமை. ஆகஸ்டில் விளக்கம் தேடுவது யாருக்கும் நல்லதல்ல.

ஏ.எஃப்.எல்.லில் தடை பெற்றவர் கீழே வந்து ஆடலாமா?

கூடாது. தடை ஆளைத் தொடர்ந்து வரும்.

சீசன் நடுவில் அணியில் சேர்ந்தவர்? மார்லியன் பிக்கெட் ஆடினாரே?

ஆடினார், இந்த விளையாட்டில் அதைவிட அழகான கதை அதிகம் இல்லை.

2019இல் சீசன் நடுவே வீரர்களை எடுக்கும் டிராஃப்ட் மீண்டும் கொண்டுவரப்பட்டது. பெர்த்தில் சவுத் ஃப்ரீமேன்டில் கிளப்பைச் சேர்ந்த பிக்கெட்டை ரிச்மண்ட் எடுத்தது. அவருக்கு அப்போது வயது இருபத்தேழு. வி.எஃப்.எல். அணியில் ஆடினார். செப்டம்பர் 22 அன்று வில்லியம்ஸ்டவுனுக்கு எதிரான வி.எஃப்.எல். கிராண்ட் ஃபைனலில் ரிச்மண்ட் வென்றபோது, ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான பதக்கம் அவருக்குக் கிடைத்தது. ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 28 அன்று, தன் முதல் ஏ.எஃப்.எல். ஆட்டத்தில் இறங்கினார். அந்த முதல் ஆட்டமே கிராண்ட் ஃபைனல். 1952க்குப் பிறகு அப்படி அறிமுகமானவர் வேறு யாரும் இல்லை. ரிச்மண்ட் 89 புள்ளி வித்தியாசத்தில் வென்றது (இந்த ஆட்டத்தில் ஒரு கோலுக்கு ஆறு புள்ளி). பிக்கெட் ஒரு கோலும் அடித்தார்.

தகுதி விதிகளைப் பற்றிப் பேசும்போது இவரை நினைவில் வைப்பது நல்லது. கீழிருந்து மேலே போக எந்தத் தடையும் இல்லை. சுவர் மேலிருந்து கீழே இறங்குபவருக்குத்தான். சீசன் நடுவில் சேர்பவருக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கையை எட்ட அவகாசம் குறைவு என்பதையும் விதி எழுதுபவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். தன் விருப்பப்படி தாமதமாக வந்தவர் அல்லர் அவர். லீகே அந்தத் தேதியில் கொண்டுவந்து சேர்த்தது.

பெர்த்தில் பீல் தண்டர் கோப்பை வென்றபோது ஏன் அவ்வளவு கோபம்?

பீல் தண்டர், பெர்த்துக்குத் தெற்கே மாண்டுராவைச் சேர்ந்த கிளப். மேற்கு ஆஸ்திரேலிய லீகில் 1997இல் சேர்ந்து, நீண்ட காலம் தோல்விகளையே சேர்த்துக்கொண்டிருந்தது. 2014இல் ஃப்ரீமேன்டில் ஏ.எஃப்.எல். கிளப் அதனோடு கூட்டு வைத்து, தன் உபரி வீரர்கள் அனைவரையும் அங்கே அனுப்பத் தொடங்கியது. அதே ஆண்டு வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ், ஈஸ்ட் பெர்த்தோடு கூட்டுச் சேர்ந்தது.

2016இல் ஃப்ரீமேன்டில் ஏ.எஃப்.எல்.லில் நான்கே வெற்றியோடு பதினாறாம் இடத்தில் முடித்தது. அதே செப்டம்பரில் பீல் தண்டர் தன் முதல் பிரீமியர்ஷிப்பை வென்றது. தோற்ற அணி சுபியாகோ, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் சாம்பியன். அடுத்த ஆண்டும் பீல் வென்றது. அடுத்த ஆண்டும் தோற்றது சுபியாகோதான். சுபியாகோவில் ஏ.எஃப்.எல். கூட்டு இல்லை. இரண்டு ஆண்டும் கிராண்ட் ஃபைனலில் முழுநேரச் சம்பள வீரர்கள் நிறைந்த அணியிடம் தோற்ற ரசிகர்களுக்கு வந்த கசப்பு இயல்பானது. பீல் எந்த விதியையும் மீறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தகுதி பெற்றவர்களே ஆடினார்கள். கோபம் வீரர்கள்மேல் அல்ல, ஒரு கிளப்புக்கு மட்டும் ஏ.எஃப்.எல். பட்டியலையே கொடுத்த ஏற்பாட்டின்மேல்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஏ.எஃப்.எல். வீரர்கள் பன்னிரண்டு பேர் வந்தால், உள்ளூர் வீரர்கள் பன்னிரண்டு பேர் இடம் இழக்கிறார்கள். கூட்டு வைத்த கிளப்பின் பழைய உறுப்பினர்கள் பலரைக் கலங்க வைத்தது இதுதான். ஈஸ்ட் பெர்த்தின் கூட்டு 2018ஓடு முடிந்தது. 2019 முதல் வெஸ்ட் கோஸ்ட் தன் சொந்த ரிசர்வ்ஸ் அணியை இறக்குகிறது. அந்த அணி பல ஆண்டுகள் அட்டவணையின் அடியில் கிடந்தது. ஏ.எஃப்.எல். பெயர் இருந்தாலே கோப்பை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

அடிலெய்டில் நிலைமை எப்படி?

2013 வரை அடிலெய்டு குரோஸ், போர்ட் அடிலெய்டு இரண்டின் உபரி வீரர்களும் தென் ஆஸ்திரேலிய லீகின் கிளப்புகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டார்கள். பல அணிகளுக்குச் சிலர் என்று பரவியதால் யாருக்கும் பெரிய அநியாயம் இல்லை. 2014இல் இரண்டு கிளப்பும் சொந்த ரிசர்வ்ஸ் அணியோடு நுழைந்தன. கடும் எதிர்ப்புக்கு நடுவே நடந்த மாற்றம் அது.

முதல் ஆண்டே போர்ட் அடிலெய்டு கிராண்ட் ஃபைனலுக்கு வந்தது. நார்வுட் நான்கு புள்ளியில் வென்று, தொடர்ந்து மூன்றாவது கோப்பையை எடுத்துக்கொண்டது. 2017 இன்னும் நெருக்கம். அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று போர்ட் அடிலெய்டின் ஏ.எஃப்.எல். அணி வெஸ்ட் கோஸ்டிடம் கூடுதல் நேரத்தில், சைரன் ஒலித்தபின் லூக் ஷூயி உதைத்த கோலில் தோற்று வெளியேறியது. அதே மாதக் கடைசியில் அதன் ரிசர்வ்ஸ் அணி கிராண்ட் ஃபைனல் ஆடியது. பெரிய அணி வீரர்களின் கையில் வேறு ஆட்டம் இல்லை. ஸ்டர்ட் ஒரே ஒரு புள்ளியில் வென்றது.

ஒரு புள்ளி! தகுதி விதி என்ற ஒன்று இல்லாமல், கூடுதலாக இரண்டு நட்சத்திரங்கள் அன்று களம் இறங்கியிருந்தால் ஸ்டர்ட்டின் ஒரு வருட உழைப்பு என்னவாகியிருக்கும்? இந்த விதி தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் இந்த ஆட்டத்தைத்தான் காட்டுவேன்.

விதி இருந்தும் தனிக் கிளப்புகளால் வெல்ல முடிகிறதா?

முடிகிறது. போர்ட் மெல்பர்ன் 2011இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பை வென்றது. 2017இல் அதே கிளப் ரிச்மண்ட் ரிசர்வ்ஸ் அணியை நான்கு புள்ளியில் வீழ்த்தியது. 2024இல் வெர்ரிபி 1993க்குப் பிறகு முதல் முறையாகச் சாம்பியன் ஆனது. எதிரே நின்ற சவுத்போர்ட்டும் ஏ.எஃப்.எல். வீரர்கள் இல்லாத கிளப்தான். தகுதி விதி இல்லாத ஓர் உலகில் இப்படி ஒரு கிராண்ட் ஃபைனல் அமைவது மிகக் கடினம்.

இரண்டு அணியும் ஒரே நேரத்தில் இறுதிச் சுற்றில் இருந்தால் யாருக்கு முன்னுரிமை?

ஏ.எஃப்.எல். அணிக்கு. அதில் எந்த மாநில லீகுக்கும் பேச்சுரிமை இல்லை. 2019 செப்டம்பர் 20 வெள்ளிக்கிழமை ரிச்மண்ட் ஜீலாங்கை ஏ.எஃப்.எல். பிரிலிமினரி ஃபைனலில் (கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய கட்டத்தில்) சந்தித்தது, ஞாயிறன்று வி.எஃப்.எல். கிராண்ட் ஃபைனல். பெரிய அணிக்குத் தேர்வானவர்களைக் கழித்தபின் மிஞ்சியவர்களை வைத்தே ரிசர்வ்ஸ் பயிற்சியாளர் தன் அணியை அமைக்க வேண்டும்.

2016இல் ஏ.எஃப்.எல். லீக் சுற்றுக்கும் இறுதிச் சுற்றுக்கும் இடையே ஒரு வார ஓய்வு வந்தது. முந்தைய ஆண்டு கடைசி வாரத்தில் நார்த் மெல்பர்னும் ஃப்ரீமேன்டிலும் முன்னணி வீரர்களைக் கூட்டமாக ஓய்வில் வைத்ததன் விளைவு அது. அந்த ஓய்வு வாரத்தில் கீழ் லீகின் இறுதிச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும். உடம்பு சூடாக இருக்க ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கலாமே என்று ஒரு நட்சத்திரத்துக்குத் தோன்றலாம். தகுதி இல்லையென்றால் முடியாது. மற்றவர்கள் கோப்பைக்காக உயிரைக் கொடுத்து ஆடும் போட்டி ஒருவருடைய பயிற்சி ஓட்டமாக ஆகிவிடக் கூடாது.

ஊர் லீகுகளிலும் இதே விதியா?

அடிப்படை ஒன்றுதான், அங்கே அது இன்னும் பழையது. புறநகர், கிராமப்புற லீகுகளில் ஒவ்வொரு கிளப்புக்கும் சீனியர்ஸ், ரிசர்வ்ஸ் என்று இரண்டு அணிகளாவது இருக்கும். சீனியர்ஸில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குமேல் ஆடியவர் ரிசர்வ்ஸ் இறுதிச் சுற்றில் இறங்க முடியாது என்பது பொதுவான விதி. கிளப்புக்குக் குறைந்தபட்சம் சில ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்பதும் அப்படியே.

ஓய்வு பெற்ற ஏ.எஃப்.எல். பிரபலங்கள் இங்கேதான் வருகிறார்கள். கார்ல்டனின் கோல் வேட்டைக்காரர் பிரெண்டன் ஃபெவோலா, 2012இலும் 2013இலும் யாரவொங்கா கிளப்புக்காக ஆடிப் பிரீமியர்ஷிப் வென்றார். ஒரே ஒரு சனிக்கிழமை விருந்தாளியாக வந்து கூட்டம் சேர்த்துவிட்டுப் போகும் பிரபலம், குறைந்தபட்ச எண்ணிக்கை காரணமாக இறுதிச் சுற்றுக்கு வர முடியாது. இதோடு விக்டோரியாவில் வீரர் புள்ளி முறையும் இருக்கிறது. அந்தக் கிளப்பிலேயே சிறு வயது முதல் வளர்ந்தவருக்கு மிகக் குறைந்த புள்ளி, ஏ.எஃப்.எல். அனுபவத்தோடு வருபவருக்கு மிக அதிகம். அணியின் மொத்தப் புள்ளி வரம்பைத் தாண்டக் கூடாது. பணம் உள்ள கிளப் கோப்பையை வாங்கிவிடாமல் தடுக்க எடுத்த முயற்சி இது.

தகுதியில்லாதவரை இறக்கிவிட்டால் என்ன ஆகும்?

லீக் சுற்றில் என்றால் அந்த வெற்றியின் புள்ளிகள் பறிபோகலாம், அபராதமும் வரலாம். இறுதிச் சுற்றில் என்றால் ஆட்டமே எதிரணிக்குப் போகலாம். வீரர் மட்டுமல்ல, அவரோடு ஆடிய அனைவரும் விலை கொடுக்கிறார்கள் என்பதால்தான் கிளப்பின் மேலாளர்கள் ஆகஸ்ட் மாதம் முழுவதும் பட்டியலைச் சரிபார்த்தபடியே இருக்கிறார்கள். பயிற்சியாளர் கேட்டார் என்பதற்காகக் கடைசி நேரத்தில் ஒரு பெயரைச் சேர்க்காத மேலாளர், கிளப்புக்குப் பெரிய உதவி செய்தவர்.

தகுதி விதியை இன்னும் கடுமையாக்க வேண்டுமா?

கடுமையைவிடத் தெளிவுதான் தேவை. எல்லா மாநில லீகுகளும் ஒரே வகை விதிக்கு வரலாம். அவசர வீரராக இழந்த வாரங்களுக்கு ஏதேனும் ஈடு கொடுக்கலாம். காய விலக்கின் அளவுகோலை வெளியிட்டு, கொடுத்த ஒவ்வொரு விலக்கையும் காரணத்தோடு அறிவிக்கலாம். தோற்ற அணியின் ரசிகர் மறுநாள் காலையில் அதைப் படித்து, பிடிக்காவிட்டாலும் புரிந்துகொள்ள முடிய வேண்டும்.

ஒரு வீரர் தகுதியானவரா என்று நானே எப்படிப் பார்ப்பது?

லீகின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தில் இறுதிச் சுற்றுத் தகுதி என்ற பகுதியைப் படியுங்கள். பிறகு அந்த வீரரின் சீசன் புள்ளிவிவரத்தை எடுத்து, மேல் அணி ஆட்டங்களையும் கீழ் அணி ஆட்டங்களையும் தனித்தனியாக எண்ணுங்கள். லீக் சுற்று ஆட்டங்களை மட்டும் எண்ண வேண்டும். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களைச் சேர்த்துவிடாதீர்கள். சீசன் நடுவில் கிளப் மாறியவர் என்றால், பழைய கிளப்புக்கு ஆடியவை இங்கே கணக்கில் வருமா என்று விதியில் பாருங்கள். எண்ணிக்கை ஒன்றிரண்டு குறைந்தும் அவர் பெயர் அணியில் வந்தால், விலக்கு கேட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள்.